ஏழு படி ஏணி

என் பெண்ணுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதற்காக ஒரு பெரியவர் வாரத்தில் மூன்று நாள் வீட்டுக்கு வருகிறார். கூடத்தில் அவர் சரளி வரிசை நடத்தும்போது நான் அடுத்த அறையில் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் என்னை அறியாமல் நானும் கூடவே முணுமுணுத்துவிட்டேன் போலிருக்கிறது. கூடத்தில் பாட்டு நின்றது.

"சார், உள்ளே உட்கார்ந்து முனகுவானேன்? இப்படி வந்து உட்காருங்களேன்" என்றார் பெரியவர்.

"ஐயையோ, வேண்டாம் ஐயா. எனக்குக் குரலே கிடையாது!"

"கிடையாது என்று யார் சொன்னது?"

யார் சொன்னது என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அப்போது எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்காகக் கடவுள் வாழ்த்து ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. உபாத்தியாயர் ஒவ்வொரு பையனாகக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். என் முன்னால் வந்ததும் நின்றார். "நீ வாயை மட்டும் அசை. சத்தம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பையனிடம் போய்விட்டார். முப்பத்தைந்து வருஷங்கள் ஆகிவிட்டன. கோயில் பஜனையிலும் சரி, கல்யாண வீட்டு நலங்கிலும் சரி, இன்றைக்கும் நான் வாயை மட்டும்தான் அசைத்துக்கொண்டிருக்கிறேன்.

பெரியவரிடம் அன்று ஏதோ சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. வளர்ந்த பிறகு பாடத் துணிந்தவர்கள் உலகத்தில் உண்டா, அவர்களுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் புத்தகங்களைப் புரட்டினேன். தைரியம் இல்லாதவன் சரித்திரத்துக்குள் ஒளிந்துகொள்வது பழைய வழக்கம்தானே? நான் ஒளியப் போன இடம் இங்கிலாந்து. அங்கே எனக்கு முன்னாலேயே ஒருவர் ஒளிந்துகொண்டிருந்தார்.

*

1597-ஆம் வருஷம் தாமஸ் மார்லி என்ற சங்கீத வித்வான், இசை கற்க எளிய வழி காட்டுவதாகச் சொல்லி ஒரு புத்தகம் வெளியிட்டார். எலிஸபெத் மகாராணியின் காலம் அது. புத்தகம் முழுவதும் உரையாடலாகவே அமைந்திருக்கிறது. அதன் ஆரம்பத்தில் ஒரு காட்சி வருகிறது. ஃபிலோமாதஸ் என்ற கனவான் ஒரு வீட்டு விருந்துக்குப் போகிறான். சாப்பாடு முடிந்ததும் மேஜை மேல் பாட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். வீட்டுக்கார அம்மாள் ஒரு ஏட்டை அவன் கையில் கொடுத்து, "இந்தப் பகுதியை நீங்கள் பாடுங்கள்" என்கிறாள். தனக்குப் பாட வராது என்கிறான் அவன். அவள் விடுவதாக இல்லை. கடைசியில், சத்தியமாகவே தெரியாது என்று அவன் ஒப்புக்கொள்ளும்போது கூட்டம் திகைத்துப் போகிறது. "இவன் எந்த லட்சணத்தில் வளர்க்கப்பட்டானோ!" என்று சிலர் ஒருவர் காதில் ஒருவர் கிசுகிசுக்கிறார்கள். அவமானம் தாங்காமல் மறுநாள் அவன் ஒரு வாத்தியாரைத் தேடி ஓடுகிறான்.

இது கற்பனைக் காட்சிதான். மார்லி புத்தகம் விற்க வந்தவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. விற்க வந்தவன் முதலில் வாங்குகிறவனுக்கு ஒரு வெட்கத்தை உண்டாக்கியாக வேண்டும். அது அன்றைக்கும் தெரிந்த வியாபாரம்தான். என்றாலும் அந்த மேஜையைச் சுற்றி எழுந்த கிசுகிசுப்பு எனக்குக் கேட்கிறது. பெரியவனான பிறகு பாடத் தெரியாமல் நிற்பதில் ஒரு தனி வேதனை உண்டு. குழந்தை தப்பாகப் பாடினால் நாம் சிரித்துக் கொஞ்சுகிறோம். மீசை முளைத்தவன் தப்பாகப் பாடினாலும் சிரிக்கத்தான் செய்கிறோம். ஆனால் அது வேறு சிரிப்பு.

*

மார்லிக்குப் பிறகு ஏறக்குறைய இருநூற்றைம்பது வருஷங்கள் கடந்து 1841-க்கு வருவோம். இதற்குள் இங்கிலாந்து அடியோடு மாறிவிட்டது. ஆலைகளின் புகை ஊர்களை மூடியிருந்தது. பகலெல்லாம் உழைக்கும் ஜனங்களுக்குச் சாயங்காலத்தில் சாராயக் கடையைத் தவிரப் போக்கிடம் இல்லை. ஏழைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தால் குடி குறையும், ஒழுக்கம் வளரும் என்று பெரிய மனிதர்கள் நம்பினார்கள். நம்பிக்கை எப்படியோ போகட்டும். அதன் பயனாக, வயது வந்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் பாட்டு வகுப்புகளில் சேர்ந்தார்கள்.

அந்த வருஷத்தில் லண்டனில் இரண்டு பேர் இந்த வேலையில் இறங்கினார்கள். ஒருவர் ஜோஸப் மைன்ஸர். ஜெர்மனியில் பாதிரியாராக இருந்தவர். பாரிஸில் தொழிலாளிகளைச் சேர்த்து இலவசமாகப் பாட்டு வகுப்பு நடத்தினார். அத்தனை தொழிலாளிகள் ஒரே இடத்தில் கூடுவதைக் கண்டு அரசாங்கம் பயந்து வகுப்பை நிறுத்திவிட்டது. அவர் லண்டனுக்கு வந்து, லட்சோப லட்சம் பேரும் பாடலாம் என்ற பொருளில் பெயர் வைத்து 1841-ல் ஒரு புத்தகம் போட்டார். தேவை நம்பிக்கை ஒன்றுதான் என்பது அவர் கட்சி.

இன்னொருவர் ஜான் ஹல்லா. அரசாங்க ஆதரவோடு 1841 பிப்ரவரியில் ஸ்ட்ராண்டு வீதியிலிருந்த எக்ஸெடர் ஹாலில் அவர் வகுப்புத் தொடங்கினார். முதலில் பள்ளி உபாத்தியாயர்கள் வந்தார்கள். பிறகு மற்றவர்களும் வந்து நிறைந்தார்கள். பாரிஸில் வில்ஹெம் என்பவர் வகுத்த முறையை அவர் கையாண்டார்.

ஆரம்பத்தில் எல்லாம் அமோகமாக நடந்தது. பிறகு சங்கடம் வந்தது. அது என்ன என்பதை நம் வீட்டு ஹார்மோனியத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். நாம் எந்தக் கட்டையை ஆதார சுருதியாக வைத்துக்கொள்கிறோமோ அதுதான் நமக்கு ஸட்ஜம். ஒருவருக்கு ஒரு கட்டை, இன்னொருவருக்கு நாலரைக் கட்டை. ஸ எங்கே உட்கார்ந்தாலும் மற்ற ஸ்வரங்கள் குடும்பத்தோடு அங்கே குடிபோய்விடுகின்றன. ஹல்லாவின் முறையில் அப்படி இல்லை. 'டோ' என்ற பெயர் ஒரே ஒரு கட்டைக்குத்தான் என்று ஆணி அடித்து வைத்துவிட்டார்கள். பாட்டு அந்தக் கட்டையை ஆதாரமாகக் கொண்டிருக்கும் வரையில் மாணவர்கள் பிரமாதமாகப் பாடினார்கள். பாட்டு வேறு சுருதிக்கு மாறியதும் பெயர் ஒன்று சொல்லிற்று, காது வேறொன்று சொல்லிற்று. இதனால் தடுமாறிப்போன பெரியவர்கள் பாடப் புத்தகத்தின் மேல் குற்றம் கண்டுபிடிக்கவில்லை. தங்கள் தொண்டையைத்தான் நொந்துகொண்டார்கள். கூட்டத்தோடு பாடும்போது இருந்த தைரியம், தனியே ஏட்டைப் பிரித்ததும் ஓடிப்போயிற்று.

*

இந்த இடத்தில்தான் என் ஆள் வருகிறார். அவர் பெயர் ஜான் கர்வன். 1816-ல் யார்க்ஷயரில் ஒரு மதபோதகரின் மகனாகப் பிறந்தார். தாமும் மதபோதகரானார். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் குழந்தைகளுக்கு வேதக் கதைகள் சொல்வதில் கெட்டிக்காரர். குழந்தைகளுக்குப் பாட்டும் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவருக்குப் பாட வராது! ஏட்டைப் பார்த்து ஒரு சாதாரணத் துதிப்பாட்டின் மெட்டைக்கூடத் தாமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு நண்பரின் வகுப்பில் சேர்ந்து பார்த்தார். அங்கே எல்லோரும் அழகாகப் பாடினார்கள். கர்வனும் சேர்ந்து பாடினார். வீட்டுக்கு வந்து ஏட்டைத் திறந்தால் ஒன்றும் நடக்கவில்லை. தாம் செய்ததெல்லாம் பக்கத்திலிருப்பவர்களின் குரலைப் பிடித்துக்கொண்டு தொங்கியதுதான் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கர்வன் வாயை மட்டும் அசைக்கவில்லை, உண்மை. ஆனால் அவர் நிலைமைக்கும் என் நிலைமைக்கும் அதிக தூரம் இல்லை.

1841-ல் ஹல் நகரத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி ஆசிரியர்களின் மகாநாடு ஒன்று கூடிற்று. ஜனங்களுக்குப் பாட்டுக் கற்பிக்க மிக எளிய வழி எது என்று கண்டுபிடித்துச் சொல்லும் பொறுப்பை அந்த மகாநாடு ஒரு இளம் போதகரிடம் ஒப்படைத்தது. அந்தப் போதகர் நம்முடைய கர்வன்தான்! நீந்தத் தெரியாதவனிடம் படகு கட்டச் சொன்ன கதைதான். ஆனால் ஒன்று: ஆற்றின் ஆழம் அவனுக்குத்தான் தெரியும்.

கர்வனின் கைக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. 1835-ல் வெளியானது. அதை எழுதியவர் நாரிச் நகரத்துப் பாதிரியார் ஒருவரின் மகள், ஸாரா கிளவர். ஏழைப் பெண்களுக்காக ஒரு பள்ளிக்கூடம் நடத்தி, பல வருஷங்கள் சோதித்துப் பார்த்து, பாட்டுக் கற்பிக்க ஒரு வழி கண்டிருந்தார் அந்த அம்மையார். சுவரில் ஒரு படம் மாட்டியிருப்பார். அதில் ஸ்வரங்களின் பெயர்கள் கீழிருந்து மேலாக ஒரு ஏணியின் படிகளைப்போல் எழுதியிருக்கும். ஆசிரியை கோலால் ஒரு படியைத் தொடுவார். குழந்தைகள் அந்த ஸ்வரத்தைப் பாடுவார்கள். அவருடைய 'டோ' நம் ஸட்ஜத்தைப் போன்றது. எந்தச் சுருதியில் வைத்தாலும் அதுவே ஏணியின் அடிப்படி. ஏழு ஸ்வரங்களையும் முதல் எழுத்தைக் கொண்டே எழுதினார். 'ஸோ', 'ஸி' என்ற இரண்டுக்கும் ஒரே முதல் எழுத்து வந்து இடித்ததால் கடைசி ஸ்வரத்தை 'டீ' என்று மாற்றினார். ஐந்து கோடுகளும் அவற்றின் மேல் தொங்கும் முட்டைகளும் இல்லாமலே பாட்டை எழுதிவிட முடிந்தது.

கர்வன் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, தாம் குடியிருந்த வீட்டுக் குழந்தை ஒன்றையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிற சாக்கில் தாமும் கற்றுக்கொண்டார். இரண்டே வாரங்களில், அதுவரை பார்த்திராத ஒரு மெட்டை ஏட்டைப் பார்த்துத் தாமாகவே பாட முடிந்தது. நடக்கவே நடக்காது என்று கைவிட்டிருந்த காரியம் அது. நாரிச்சுக்குப் போய் அந்தப் பள்ளிக்கூடத்தையும் நேரில் பார்த்தார். பிறகு அவருடைய வாழ்நாள் இந்த ஒரு வேலைக்கே செலவாயிற்று. 1843-ல் முதல் புத்தகம், 1853-ல் ஒரு சங்கம், 1869-ல் ஒரு கல்லூரி, சொந்தமாக ஒரு அச்சுக்கூடம். இந்த முறைக்கு 'டானிக் ஸோல்ஃபா' என்று பெயர் ஏற்பட்டது.

*

இந்த முறை கூச்சமுள்ள பெரியவர்களுக்கு எப்படித் தைரியம் கொடுத்தது? இதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

முதலாவது, கர்வன் ஏழு ஸ்வரங்களையும் ஒரே நாளில் தலையில் கட்டவில்லை. முதலில் டோ, மீ, ஸோ என்று மூன்று. நம் கணக்கில் ஸ, க, ப. இந்த மூன்றும் காலுக்கு உறுதியாகப் பட்ட பிறகுதான் ரேயும் டீயும். கடைசியில்தான் ஃபாவும் லாவும். எளியது முன்னால், கடினமானது பின்னால். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் வாத்தியார்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிற விஷயம் இதுதான்.

இரண்டாவது, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு குணம் உண்டு என்று சொல்லிக் கொடுத்தார். டோ உறுதியானது. ரே எழுச்சி ஊட்டுவது. மீ சாந்தமானது. ஃபாவில் ஒரு வெறுமையும் பயபக்தியும். ஸோ கம்பீரம். லாவில் சோகம். டீ கூர்மையாகத் துளைப்பது. உயரம் எவ்வளவு என்று குருட்டாம்போக்கில் அளந்து குதிக்காமல், தெரிந்த முகத்தைத் தேடுவதுபோல் ஸ்வரத்தைத் தேடச் சொன்னார். ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் மறந்து போகலாம். பழகிய முகம் மறப்பதில்லை.

மூன்றாவதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஆசிரியர் மாணவர்களோடு சேர்ந்து பாடக் கூடாது என்று அவர் விதித்தார். ஆசிரியர் ஒரு சிறு துணுக்கை மெதுவாகப் பாடிக் காட்ட வேண்டும். பிறகு வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்துகொள்ள வேண்டும். மாணவன் முதலில் கேட்கக் கற்க வேண்டும். பிறகு தன் காலில் நிற்க வேண்டும். பரீட்சையிலும் அப்படியே. சான்றிதழ் வேண்டுமானால் கூட்டத்தின் நடுவே நின்று கோஷம் போட்டுவிட்டு வர முடியாது. தனியாக நின்று, முன்பின் பார்த்திராததைப் பாடிக் காட்ட வேண்டும். பிறர் குரலில் தொங்கிக்கொண்டு ஏமாந்த மனிதர் அல்லவா விதி செய்தவர்?

மைன்ஸர் நம்பிக்கை வேண்டும் என்றார். கர்வன் நம்பிக்கையைக் கேட்கவில்லை. அடுத்த படி எங்கே இருக்கிறது என்று காட்டினார். இருட்டில் மாடிப்படி இறங்குகிறவனிடம், "பயப்படாதே, நீ நன்றாக இறங்குகிறாய்!" என்று சொல்வதால் என்ன பிரயோஜனம்? கைப்பிடி எங்கே என்று சொன்னால் அவனே இறங்கிவிடுவான்.

காசு விஷயமும் உண்டு. வெறும் எழுத்துக்களும் புள்ளிகளும் ஆனதால் சாதாரண அச்சுக் கோப்பவரே இதைக் கோத்துவிடலாம். ஹாண்டல் எழுதிய 'மெஸையா' போன்ற பெரிய உருப்படிகள்கூட மலிவான பதிப்புகளாகத் தொழிலாளிகளின் கைக்கு வந்தன. பியானோ வாங்க வக்கில்லாதவன் சட்டைப் பையில் ஹாண்டலை வைத்துக்கொண்டு ஆலைக்குப் போனான்.

*

கதை இவ்வளவு அழகாகவே முடிந்துவிடவில்லை. ஸாரா கிளவரின் முறையைக் கர்வன் எடுத்துக்கொண்டபோது முன்கூட்டி அனுமதி கேட்கவில்லை. எழுத்தை மாற்றினார், தாளக் குறிகளை மாற்றினார், தமக்குத் தோன்றியபடி திருத்திப் பிரசுரம் செய்தார். அந்த அம்மையாருக்கு மனவருத்தம். தம் வீட்டுக் குழந்தைக்கு வேறொருவர் மொட்டை அடித்து, வேறு சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு போனால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? கர்வன் கடைசிவரையில் மூல முறை அவருடையது என்று எழுதிவந்தார். பின்னாளில் மனஸ்தாபமும் தணிந்தது. கிளவர் 1867-ல் காலமானார். ஆனால் கர்வனின் பெயர் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. ஏணியைச் செய்தவரைவிட ஏறிக் காட்டியவரைத்தான் ஊர் நினைவில் வைக்கிறது.

சங்கீத வித்வான்களும் சும்மா இருக்கவில்லை. "இது சங்கீதமா, அரிச்சுவடியா?" என்று ஏளனம் செய்தார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஐந்து கோட்டு எழுத்துக்குப் போகும் பாலமாகத்தான் கர்வன் முதலில் இதைக் கட்டினார். 1872-ல் வெளியிட்ட பாடத்திட்டத்தில் அந்தக் கோடுகளையே விட்டுவிட்டார். பாலம் வீடாகிவிட்டது. அங்கேயே குடியிருந்துவிட்டவர்களுக்கு வாத்திய சங்கீதத்தின் வாசல் திறக்கவில்லை.

ஆனால் வித்வான்களின் ஏளனத்துக்குப் பாடியே பதில் சொன்னவர்களும் உண்டு. 1867-ல் பாரிஸ் பொருட்காட்சியின்போது, ஜோஸப் ப்ரௌட்மன் என்பவரின் தலைமையில் ஸோல்ஃபா கோஷ்டி ஒன்று போய்ப் பரிசு வாங்கி வந்தது. லண்டன் கிரிஸ்டல் மாளிகையில் 1872-ல் ஒரு பெரிய வெள்ளிக் கோப்பைக்குப் போட்டி வைத்தார்கள். வேல்ஸிலிருந்து நானூறு பேருக்கு மேல் வந்து அதை வென்றார்கள். சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்தவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும்தான். நடத்தி வந்தவர் கரடாக் என்று பெயர் பெற்ற கொல்லர். எதிர்க்க ஒருவரும் வரவில்லை, அதனால் ஜயித்தார்கள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். மறு வருஷம் எதிர்க்க வந்தது ப்ரௌட்மனின் கோஷ்டியே! வேல்ஸ்காரர்கள் அதையும் வென்றார்கள். அவர்களிலும் பலர் பாடம் செய்தது ஸோல்ஃபா ஏட்டைப் பார்த்துத்தான். போட்டியில் யார் ஜயித்தாலும் ஏணி ஒன்றுதான்.

கர்வன் 1880-ல் காலமானார். ஏணி கப்பலேறிவிட்டது. மிஷனரிகள் போன இடங்களுக்கெல்லாம் அதுவும் போயிற்று. நம் நாட்டு மிஜோரத்து மாதா கோயில்களில் ஸோல்ஃபா எழுத்தோடு அச்சான பாட்டுப் புத்தகங்கள் வழங்குகின்றன. தென் ஆப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க் அருகே ஈனக் ஸொண்டோங்கா என்ற கறுப்பின ஆசிரியர் 1897-ல் ஒரு பிரார்த்தனைப் பாட்டை இயற்றினார். அதை அவர் எழுதி வைத்தது ஸோல்ஃபா எழுத்தில்தான். பின்னால் அது விடுதலைப் போராட்டக்காரர்களின் கீதமாயிற்று. ஒரு நூற்றாண்டு கழித்து, 1997-ல், அந்த நாட்டுத் தேசிய கீதத்தின் முதல் பகுதியாகவும் ஆயிற்று. பாட வராத ஒரு போதகர் இரண்டு வாரம் ஒரு குழந்தையோடு உட்கார்ந்து பாடிப் பார்த்ததன் நீளம் எவ்வளவு என்று பாருங்கள்!

*

இன்றைய மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஒன்று சொல்கிறார்கள். ஸ்வரத்தின் உயர்வு தாழ்வே காதில் விழாதவர்கள் நூற்றுக்கு மிகச் சிலர்தானாம். தங்களுக்குச் சங்கீத ஞானமே இல்லை என்று சொல்லிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோருக்குக் காது சரியாகவே இருக்கிறது. குரல்தான் காதின் பேச்சைக் கேட்கப் பழகவில்லை. பழக்கத்தால் வராததைப் பிறவிக் குறை என்று யாரோ ஒருவர் ஒரு நாள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். நாம் அப்பீல் செய்யாமல் ஆயுள் தண்டனையை அநுபவித்துவிடுகிறோம்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் போன புதன்கிழமை கூடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். பெண் தன் பாயில் பாதியை எனக்குக் கொடுத்தாள். அவள் சிரிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். பெரியவர் சுருதிப் பெட்டியைத் தட்டிவிட்டு, 'ஸ' என்று மெதுவாகப் பாடிக் காட்டினார். பிறகு நிறுத்திவிட்டுக் காதை என் பக்கம் சாய்த்தார். அவர் கர்வனைக் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை.

வாயை அசைத்தேன். இந்தத் தடவை சத்தமும் வந்தது. என் காதுக்கே அது கர்ண கடூரமாகத்தான் இருந்தது. "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"கொஞ்சம் கீழே நிற்கிறீர்கள், சார். ஒரு இம்மி மேலே வாருங்கள்" என்றார் பெரியவர்.